கடல் எதற்குத் தேவைப்படுகிறது?

கோவை மேடைகளில் லெமூரியா இன்னும் மூழ்கவில்லை. மடகாஸ்கர் லெமூர்களுக்கும் அவற்றின் இந்திய உறவினங்களுக்கும் பாலம் தேடி 1864இல் ஸ்கிளேட்டர் கற்பித்த கண்டம் அது. 1888இல் பிளாவட்ஸ்கி அதை அட்லாண்டிஸோடு முடிச்சுப் போட்டார். நம்மவர்கள் இறையனார் களவியல் உரையின் கடல்கோளை அதன்மேல் ஏற்றினார்கள். 1960களில் புவித்தட்டுக் கோட்பாடு வந்தது. நிலவியலில் லெமூரியாவின் கதை முடிஞ்சுபோச்சு. இந்தத் தொன்மங்களுக்குள் தொடர்பு உண்டுதான். ஆனால் அதைக் கடலடியில் தேட வேண்டாம், அச்சகத்தில் தேடினால் போதும் என்கிறேன்.

மூழ்கிய நாட்டில் ஒரு வசதி: யார் ஆண்டான், யார் உழைத்தான் என்று கேட்க முடியாது. நொய்யல் கரைக் கொடுமணலில் கேட்கலாம். 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்பு உலைகள், பெயர் கீறிய பானையோடுகள் கிடைத்தன. ஒரே கல்லறையில் 2,220 சூதுபவள மணிகள். அந்த மணிகளுக்குத் துளையிட்டவன் எந்தக் குழியில் கிடக்கிறான்? இந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் நமக்குக் கடல் தேவைப்படுது.