குழந்தையின் தவறான விடை

சுவிட்சர்லாந்து நாட்டு அறிஞர் ஜீன் பியாஜே (1896–1980), இளமையில் பாரிஸ் நகரில் சிறுவர்க்கான அறிவுச் சோதனைகளை நடத்தும் பணியில் ஈடுபட்டிருந்தார். அவருடைய உள்ளம் சரியான விடைகளைவிடத் தவறான விடைகளிலேயே நிலைத்தது. ஒரே வயதுச் சிறுவர் ஒரே விதமாகத் தவறுவது ஏன்? இவ்வினாவினின்றே அவருடைய அறிவு வளர்ச்சிக் கொள்கை முளைவிட்டது.

குழந்தை நாம் ஊற்றுவதை ஏற்கும் வெறுங்குடம் அன்று. தொட்டும் துழாவியும் உலகைப் பற்றிய அறிவைத் தானே கட்டியெழுப்புகிறது என்றார் அவர். அவ்வளர்ச்சியை, புலனியக்க நிலை தொடங்கி, ஏறத்தாழ 11 வயதிற்குப் பின் வரும் கருத்தியல் சிந்தனை ஈறாக நான்கு படிகளாக வகுத்தார். பிள்ளையின் தவற்றிலும் ஓர் ஒழுங்கு உண்டு என உணர்த்தியது, கல்வியுலகிற்கு அவர் ஈந்த பெருங்கொடை என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் அவருடைய சோதனை முறையில் ஒரு குறை உண்டு. இரு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை அடுக்கி, 'இரண்டும் சமமா?' என வினவுவர். பின்னர் ஒரு வரிசையைப் பரப்பி வைத்து, அதே வினாவை மீண்டும் தொடுப்பர். ஐந்து வயதுப் பிள்ளை பெரும்பாலும் நீண்ட வரிசையில்தான் அதிகம் என்னும். எண்ணிக்கை மாறாமையை உணரும் படியை அது எட்டவில்லை என்பது பியாஜேயின் முடிவு.

1974இல் ஸ்காட்லாந்து உளவியலறிஞர் மார்கரெட் டொனால்ட்சனும் அவருடைய உடனாய்வாளரும், வரிசையைக் கலைக்கும் செயலை ஒரு குறும்புக்காரக் கரடிப்பொம்மையிடம் விட்டனர். அப்போது சரியாக விடையிறுத்த பிள்ளைகளின் தொகை பெரிதும் உயர்ந்தது. பெரியவர் ஒருவர் தாமே மாற்றியமைத்துவிட்டு மறுமுறை கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கிறார் போலும் எனப் பிள்ளை எண்ணக்கூடுமன்றோ? அது அறியாமையா, கேட்பவரின் மனக்குறிப்பை உணரும் நுண்ணறிவா?

நம் வகுப்பிலும் இது நிகழ்ந்ததுண்டு. சரியாகச் சொன்ன சிறுமியிடம் 'அப்படியா?' என மீண்டும் கேட்டோம். உடனே அவள் விடையை மாற்றிக்கொண்டாள். அவளுக்கு விளங்கவில்லை என்று அன்று முடிவு கட்டினோம். விளங்காதவர் நாமே என்பதைப் பின்னர்தான் உணர்ந்தோம்.

பியாஜே பிறந்த அதே 1896இல் பிறந்த ருசிய அறிஞர் வைகாட்ஸ்கி, இன்று பிறர் துணையோடு செய்வதைக் குழந்தை நாளை தனித்தே செய்யும் என்றார். பியாஜேயின் படிகளுக்கு இக்கருத்து ஒரு நல்ல திருத்தம். 'இந்த வயதில் இது புரியாது' எனக் கதவடைப்பதற்கு அப்படிகளைச் சான்று காட்டுதல் தகாது. தவறான விடைக்கும் செவிசாய்த்த அவருடைய பொறுமையை நாம் கைக்கொள்வோம். கூடவே, நம் கேள்வியையும் ஒருமுறை சோதித்துக்கொள்வோம்.