குறித்தவையும் குறியாதவையும்

பழைய நகரப் படங்களை மறுபதிப்புச் செய்து வெளியிடும் வழக்கம் மேலைநாடுகளில் நெடுநாளாக உண்டு. ஏகாஸ், ஹொலார், லொகன் ஆகியோர் பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் வரைந்த ஒக்ஸ்போர்ட் நகரப் படங்களை அந்நகரின் வரலாற்றுக் கழகம் 1899இலேயே தொகுத்து வெளியிட்டது. 1675இல் வந்த லொகனின் படத்தில் கல்லூரிகளின் முற்றங்களும் தோட்டங்களும் அத்துணை நுட்பமாகத் தீட்டப்பட்டுள்ளன. பார்ப்போர் வியப்பர், வியப்பதில் தவறில்லை. ஆயினும் யார், எதற்காக வரைந்தனர், எதைக் குறித்தனர், எதை விட்டனர் என்னும் வினாக்களை எழுப்பாமல் ஒரு படத்தை மதிப்பிடல் இயலாது.

போட்லியன் நூலகம் மறுபதிப்புச் செய்துள்ள 1883ஆம் ஆண்டின் 'ஒக்ஸ்போர்ட் மதுப் படம்' இவ்வகையில் ஆராயத்தக்கது. மதுவிலக்கு இயக்கத்தினர் வெளியிட்ட இப்படத்தில் நகரின் மதுக்கடைகள் யாவும் சிவப்பில் குறிக்கப்பட்டுள்ளன. ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதிகளில் அக்குறிகள் திரண்டு நிற்கின்றன. குடியர்களுக்குக் கடை தேட இப்படம் உதவியதாம் என்று இன்று நகைச்சுவையாகச் சொல்கின்றனர். அந்த நகைப்போடு நின்றுவிடலாமா?

இயக்கத்தினரின் அக்கறை பொய்யன்று. குடி ஏழையின் அடுப்பை அணைப்பதை மலையகத்தில் வாழும் நாம் அறியாதவரல்லர். ஆனால் உரிமம் பெற்ற கடைகளுக்கே அப்படத்தில் குறி உண்டு. கல்லூரிகளின் நிலவறைகளில் அடுக்கிவைத்த திராட்சை மது கடைச்சரக்கன்று. ஆகவே அதற்குக் குறி இல்லை. இத்தனைக்கும் 1355இல் அந்நகரை உலுக்கிய பெருங்கலகம், மதுவின் தரம் பற்றி மாணவர் கடைக்காரரோடு பூசலிட்டதில் தொடங்கியதே. அதற்கான கழுவாயை 1825வரை ஆண்டுதோறும் செலுத்தியவர்கள் நகரத்தாரே! ஏழையின் குவளை வீதியில் இருந்தது, படத்தில் ஏறியது. கனவானின் கிண்ணம் மதிலுக்குள் இருந்தது; மறைந்தது.

அத்தெருக்களில் கிடைத்த கூலி எவ்வளவு, ஓர் அறையில் உறங்கியவர் எத்தனை பேர் என்பதும் அதில் இல்லை. 1889இல் சார்ல்ஸ் பூத் வெளியிட்ட லண்டன் படம் வீதிகளை வருவாய் நிலைக்கேற்ப நிறந்தீட்டிக் காட்டியது. அவரும் மிக வறியோரைக் குற்றவாளிகளோடு சேர்த்துக் கறுப்பில் தள்ளினார் என்பது உண்மை. எனினும் வறுமையை அளக்க முயன்ற அளவில் அது ஒரு படி முன்னேற்றமே.

இது நமக்கு அயலார் கதையன்று. மதுப் படம் வந்த அந்த ஆண்டுகளில்தான், இலைநோயால் கோப்பி அழிந்த நம் மலைகளில் தேயிலை ஏறிக்கொண்டிருந்தது. மதுவிலக்குக் கூட்டங்களில் மதுவுக்கு மாற்றாகப் பரிமாறப்பட்டது தேநீரே. ஆங்கிலத் தொழிலாளியைக் குடியிலிருந்து மீட்க வந்த அத்தேயிலையைக் கொய்த கைகளின் வழித்தோன்றல்களைப் பார்த்தும் இன்று அதே பழி வீசப்படுகின்றது: "இவர்கள் குடித்தே அழிகின்றனர்." தவறணைகளை எண்ணத் தெரிந்த அறிவாளர், லயத்து அறைகளை எண்ண மறப்பதேன்?

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். தோட்டத்தில் தேயிலை மலைக்கெல்லாம் நம்பர் உண்டு. அங்கே வாழும் மனிதரின் நிலையைக் காட்டும் படம் அரிது. டயகமவிலும் அக்கரப்பத்தனையிலும் நம் மாணவர் தம் தோட்டத்தின் படத்தைத் தாமே வரையட்டும். தவறணையைத் தயங்காமல் குறிக்கட்டும். அத்துடன் தண்ணீர்க் குழாயையும், ஆஸ்பத்திரிக்குள்ள தூரத்தையும், பள்ளிக்கு நடக்கும் வழியையும், ஒவ்வோர் அறையிலும் வாழ்வோர் தொகையையும் குறிக்கட்டும். அப்படத்தைப் பார்ப்பவர் எவரும், "ஏன் குடிக்கின்றனர்?" என்று கேட்கு முன் "எப்படி வாழ்கின்றனர்?" என்று கேட்டே ஆகவேண்டும்.