மூக்கை அளந்த நூல்

இறைவன் பாட்டிலும் குற்றங் கண்டார் என்று கதை சொல்லும் நக்கீரருக்குச் சிலை வைத்த ஊர் கீரமங்கலம். அவ்வூர் இளைஞர்கள் அவர் கண்கொண்டு படிக்க வேண்டிய நூல் ஒன்றுண்டு: எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’.

சென்னை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய தர்ஸ்டன், ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்டார். வழக்கங்களைத் திரட்டிய உழைப்பு பெரிது, மறுப்பாரில்லை. ஆனால், மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிதோறும் சராசரி எழுதினாரே, அங்கேதான் குற்றம்! ஒரே சாதிக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேற்றுமையைச் சராசரி மறைத்துவிடுகிறது.

அவ்வேற்றுமை சிறிதா? மனிதரின் மரபு வேற்றுமையில் நூற்றுக்கு 85 பங்கு ஒவ்வொரு மக்கட் கூட்டத்துக்குள்ளேயே அடங்கும் என்று 1972இல் லெவன்டின் காட்டினார்.

சாதியேனும் தொன்மையானதா? 2013இல் ஐதராபாத், ஆர்வர்டு ஆய்வாளர்கள் 73 கூட்டங்களின் மரபணுக்களை ஒப்பிட்டனர். ஏறத்தாழ 4200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே குருதி கலந்தது. அதன் பின்னரே அகமணம் இறுகியது என்பது அவர்கள் முடிவு. இறுகிய அகமணம் சில கூட்டங்களில் பரம்பரை நோய்களை மிகுவித்தது என்று 2017இல் வந்த ஆய்வு கூறிற்று. தூய்மை தந்த பரிசு, நோய்!

தோழர்களே! தூய குருதி என்று பிறர் செருக்கினால் நகைக்கிறோம். நாமே சொன்னாலும் நகைப்புக்குரியதே. சமத்துவத்துக்கு மரபணுவின் சான்று வேண்டியதில்லை. சாதிக்குத்தான் இயற்கையின் சான்று வேண்டியிருந்தது. ஏழு தொகுதிகளிலும் அது இல்லை!