கதையில் இல்லாத வீரரின் நாட்குறிப்பு: ‘அட்டாக் ஆன் டைட்டன் 2’ விளையாட்டு – ஒரு பார்வை

படிவம் நான்கு மாணவர்களுக்கு ‘ஒரு போர்வீரரின் நாட்குறிப்பு’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் இரண்டு பக்கம் எழுதியிருந்தான். முதல் வரியே இப்படித்தான் தொடங்கியது: “ரைனர் துரோகி என்பது பயிற்சி முகாமின் முதல் நாளே எனக்குத் தெரியும்.” மீதியெல்லாம் வெட்டும் இரத்தமும்தான். “விளையாட்டுக் கதை வேண்டாம்” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மறுநாள் அவன் வந்து கேட்டான்: “டீச்சர், அந்த கேம்லயும் டைரிதான் எழுதுறாங்க. நீங்க பார்த்திருக்கீங்களா?”

நான் பார்த்ததில்லை. பார்க்காமலேயே சிவப்பு மையைத் தொட்டது தப்பு என்று பட்டது. பள்ளி விடுமுறையில் உட்கார்ந்து விளையாடிப் பார்த்தேன். அந்த அனுபவம்தான் இந்தக் கட்டுரை. கதையின் முக்கிய முடிச்சைப் பற்றிப் பேசப் போகிறேன்; அனிமே பார்க்காதவர்கள் கவனித்துக்கொள்ளவும்.

கதையும் விளையாட்டும்

ஹஜிமே இசயாமா 2009 முதல் 2021 வரை தொடராக வரைந்த சித்திரக்கதைதான் மூலம். 2013இல் அது அனிமேயாக வந்தது. மனிதரைத் தின்னும் ராட்சதர்களுக்குப் பயந்து, 50 மீட்டர் உயர மதில்களுக்குள் நூறு ஆண்டுகளாக மக்கள் வாழ்கிறார்கள். ஒருநாள் 60 மீட்டர் உயர ராட்சதன் ஒருவன் தோன்றி மதில் கதவை உடைக்கிறான். தாயைக் கண்ணெதிரே பறிகொடுத்த எரென், மிக்காசா, ஆர்மின் என்ற நண்பர்களுடன் படையில் சேர்கிறான்.

ஒமேகா ஃபோர்ஸ் உருவாக்கிய இந்த விளையாட்டை கோயி டெக்மோ நிறுவனம் 2018 மார்ச்சில் வெளியிட்டது. அனிமேயின் முதல் இரண்டு பருவங்களின் கதை இதில் வருகிறது. இடுப்பில் கட்டிய கருவியிலிருந்து கொக்கிகளை எய்து, வாயுவின் உந்துதலால் கட்டடங்களுக்கு இடையே பறக்க வேண்டும். ராட்சதனின் கை, காலை வெட்டினால் தடுமாறுவான். பிடரியை வெட்டினால்தான் சாவான். வாயு தீரும், வாள் மழுங்கும். இரண்டையும் கவனித்துக்கொண்டே சண்டை போட வேண்டும். முதல் அரை மணி நேரம் சுவரில் மோதிக்கொண்டே இருந்தேன். கை பழகிய பிறகு அந்தப் பறத்தலில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது, ஒத்துக்கொள்ள வேண்டும்.

நாட்குறிப்பின் பலம்

2016இல் வந்த முதல் விளையாட்டில் எரென், மிக்காசா போன்றவர்களாகவே நாம் விளையாடினோம். இரண்டாவதில் நாமே ஒரு வீரரை உருவாக்குகிறோம். ஆணா பெண்ணா, முகம், முடி, பெயர் எல்லாம் நம் விருப்பம். அனிமேயில் இல்லாத இந்த வீரர் 104ஆம் பயிற்சிப் படையில் எரெனோடு சேர்கிறார். கதை அவருடைய நாட்குறிப்பு வழியாக நகர்கிறது.

இதுதான் இந்த விளையாட்டின் மிகச் சிறந்த முடிவு. ஏனென்றால் அதே பயிற்சிப் படையில்தான் ரைனர், பெர்தோல்ட், அன்னி மூவரும் இருக்கிறார்கள். மதிலை உடைத்த ராட்சதர்களாக உருமாறியவர்கள் ரைனரும் பெர்தோல்டும்தான். அனிமே பார்த்த நமக்கு அது தெரியும். நாட்குறிப்பு எழுதுபவருக்குத் தெரியாது. அவர் ரைனரோடு பேசுகிறார், நட்பு வளர்க்கிறார், பக்கத்தில் நின்று போரிடுகிறார். நமக்கோ வயிற்றைப் பிசைகிறது. எழுதுபவருக்குத் தெரிந்ததற்கும் வாசிப்பவருக்குத் தெரிந்ததற்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் கதையின் வலி இருக்கிறது.

எங்கே சறுக்குகிறது?

இவ்வளவு நல்ல கருவை விளையாட்டு முழுசாகப் பயன்படுத்தவில்லை என்பதுதான் என் குறை. முதலாவது, நம் வீரருக்குக் குரலே இல்லை. பெரிய காட்சிகளில் எல்லாரும் அழுகிறார்கள், கத்துகிறார்கள். இவர் சும்மா நிற்கிறார். உடனிருந்தவர்களின் துரோகம் வெளிப்படும்போதுகூட, இவர் மனம் என்ன பாடுபட்டது என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

இரண்டாவது, நட்பு இங்கே மதிப்பெண் ஆகிவிடுகிறது. ஓய்வு நேரக் காட்சிகளில் சரியான பதிலைத் தேர்ந்தெடுத்தால் நட்பின் படிநிலை உயரும்; கூடவே புதுத் திறன் கிடைக்கும். கொஞ்ச நேரத்தில், ‘இவருக்கு என்ன சொன்னால் பிடிக்கும்?’ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறோம்.

மூன்றாவது, அனிமேயில் ஒரே ஒரு ராட்சதனைக் கொல்வதற்குள் பலர் மடிகிறார்கள். இங்கே நம் வீரர் ஒரே போரில் வரிசையாகச் சாய்க்கிறார். நாட்குறிப்பு சாதாரண வீரருடையது, போர்க்களமோ மாவீரருடையது. பயம் போன இடத்தில் கதையின் கனமும் குறைகிறது.

வகுப்பறைக்கு ஒரு பாடம்

இது இரத்தம் நிறைந்த விளையாட்டு. அமெரிக்காவில் 17 வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று தரப்படுத்தியிருக்கிறார்கள். ஆகவே வகுப்பில் விளையாடச் சொல்லவில்லை. ஆனால், தன்மை நோக்கில் எழுதும்போது நம் மாணவர்கள் செய்யும் பெரிய தவறு, எழுதுபவருக்குத் தெரிய வாய்ப்பில்லாததை எழுதிவிடுவது. அதை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை. எழுதி முடித்த பிறகு மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம்:

1. இதை எழுதும் ஆள் அந்த இடத்தில் இருந்தாரா?
2. அந்த நாளில் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது?
3. நடந்தது மட்டும் இருக்கிறதா, அவர் மனமும் இருக்கிறதா?

மூன்றாவது கேள்வியில் அந்த விளையாட்டே கொஞ்சம் தோற்றுவிட்டது. நம் மாணவர்கள் தோற்க வேண்டியதில்லை.

பள்ளி திறந்ததும் அந்த மாணவனைக் கூப்பிட்டு, “நானும் விளையாடினேன். ஆனா முதல் நாளே ரைனரைப் பத்தி அந்த வீரருக்கு எப்படிப்பா தெரியும்?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். “எனக்குத்தான் டீச்சர் தெரியும், அவருக்குத் தெரியாது” என்றான். திரும்ப எழுதிக் கொண்டுவந்தான். இந்த முறை முதல் வரி: “இன்று ரைனர் தன் ரொட்டியில் பாதியை எனக்குக் கொடுத்தான்.”

அந்த வரிக்குக் கீழே சிவப்பு மைக்கு வேலையே இல்லை.