வளைவே காட்டிக்கொடுக்கும்

சாலை சட்டென்று திரும்பும். ரயிலால் அது முடியாது. மேட்டை வெட்டி, பள்ளத்தில் கரை கட்டி, மெல்ல வளைந்துதான் போகும். அதனால் தண்டவாளத்தைப் பெயர்த்துப் பல ஆண்டுகள் ஆனபின்னும் வான்படத்தில் அந்த வளைவு தெரியும்.

அமெரிக்காவின் விஸ்கான்சினில் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு தடம்தான் 1967-இல் எல்ராய்–ஸ்பார்ட்டா என்ற மிதிவண்டி, நடைப் பாதையானது. சுமார் 51 கிலோமீட்டர். மூன்று சுரங்கங்கள், நீளமானது ஒரு கிலோமீட்டருக்கும் மேல்.

இத்தகைய பாதைகளை, யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கூலி வாங்காமல் வரைகிறவர்கள்மீது எனக்குப் பெரும் மரியாதை. சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் கைவிட்டுவிடும். இரண்டு வாய்களையும் குறித்துக்கொண்டு நடுவே கோடு இழுக்கிறார்கள். தரை சரளையா, தாரா? குடிநீர்க் குழாய் எங்கே? சாலை எங்கே குறுக்கிடுகிறது? சக்கர நாற்காலியை மறிக்கும் தடுப்புக் கம்பம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். ரயில் பாதையில் ஏற்றம் குறைவு என்று நம்பித்தானே முதியவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள்! ஒரே ஒரு கம்பம் அவர்களைத் திருப்பி அனுப்பிவிடும். வான்படத்தில் அது தெரியாது. யாராவது நேரில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

பாதையாக மாறாத பழைய தடங்களையும் வரையலாமா என்று வரைகிறவர்களுக்குள் விவாதம் உண்டு. ஒரு மண்கரையோ பாலத்தூணோ மிஞ்சியிருந்தால் வரையத்தான் வேண்டும் என்பேன். அடுத்த பாதைக்கு இடம் தேடுகிறவர்களுக்கு அது வேண்டியிருக்கும்.