ஆசி தரும் யானை, ஆறுதல் தரும் நாய்

பிராணியைத் தொட்டுத் துன்பம் தீர்த்துக்கொள்வது காஞ்சிபுரத்துக்குப் புதிதில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட வரிசை நிற்கிறது. தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போகும் என்பது நம்பிக்கை. அங்கே யாரும் சான்று கேட்பதில்லை, கேட்கவும் வேண்டாம். செலவாவது அவரவர் காசு. பயிற்சி பெற்ற நாய்களைப் பள்ளிக்கு அழைத்துவந்து பிள்ளைகளின் பதற்றத்தைக் குறைக்கலாம், அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று சொல்லும்போது கதை வேறு. செலவாவது ஊர்ப் பணம். அதற்குச் சான்று கேட்டே ஆக வேண்டும்.

நமக்குப் பக்கத்து உதாரணம் சென்னையில் இருக்கிறது. பின்னாளில் ‘அனிமல்ஸ் ஏஷியா’ அமைப்பை நிறுவிய ஜில் ராபின்சன் 1991-ல் ஹாங்காங்கில் ‘டாக்டர் டாக்’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். சாதுவான வீட்டு நாய்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து மருத்துவமனைகளுக்கும் இல்லங்களுக்கும் அழைத்துப் போவதுதான் வேலை. சென்னையில் விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ் அதைக் கையில் எடுத்தது. சி.பி. ராமசாமி ஐயர் அறக்கட்டளை நடத்தும் ‘சரஸ்வதி கேந்திரா’வில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உள்ள பிள்ளைகளிடம் நாய்கள் வந்துபோயின. அதே அறக்கட்டளைதான் காஞ்சிபுரத்தில் சகுந்தலா ஜகந்நாதன் நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகத்தையும் நடத்துகிறது. ஆக யோசனை இந்த ஊருக்கு அந்நியமில்லை. ஆனால் அது தொண்டர்களின் நாய்களையும் தொண்டர்களின் நேரத்தையும் நம்பி நடந்த வேலை, பள்ளிக் கல்வித் துறையின் திட்டமில்லை. இந்த வேறுபாட்டை ஆதரவாளர்கள் எளிதாகத் தாண்டிப் போகிறார்கள்.

சான்றுக்கு வருவோம். 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க் உளவியலாளர் போரிஸ் லெவின்சன், தம் நாய் ஜிங்கிள்ஸ் அறையில் இருக்கும்போது வாய் திறக்காத சிறுவனும் இளகுவதைக் கவனித்துச் சொன்னார். சக அறிஞர்கள் சிலர் அவரைக் கேலி செய்தார்கள். இன்று கேலி செய்ய முடியாது. ஆஸ்திரேலியாவில் மார்கரிட் ஓஹேர் குழுவினர் 2013-ல் வெளியிட்ட ஆய்வில் 99 பிள்ளைகள். மூவர் மூவராக 33 குழுக்கள், ஒவ்வொன்றிலும் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒருவர். ஒருமுறை விளையாட்டுச் சாமான்களோடும் ஒருமுறை இரண்டு கினிப் பன்றிகளோடும் உட்கார வைத்தார்கள். கினிப் பன்றிகள் இருந்த நேரத்தில் ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் அதிகம் சிரித்தார்கள், அதிகம் பேசினார்கள், பிறர் முகத்தை அதிகம் பார்த்தார்கள்.

அதைவிட வலுவானது 2022-ல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளை, சாதாரணப் பள்ளிகளில் 105 பேர், சிறப்புப் பள்ளிகளில் 44 பேர், குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு நாய், ஒரு பகுதிக்கு அமைதிப் பயிற்சி, மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. வாரம் இருமுறை, 20 நிமிடம், நான்கு வாரம். மன அழுத்தத்தைக் காட்டும் கார்டிசாலை எச்சிலில் அளந்தார்கள். சாதாரணப் பள்ளிகளில் ஒன்றும் பெறாத பிள்ளைகளுக்குப் பருவ இறுதியில் அளவு ஏறியிருந்தது, நாயோடு இருந்தவர்களுக்கு அந்த ஏற்றம் இல்லை. சிறப்புப் பள்ளிகளில் நாயோடு குழுவாக இருந்து எழுந்தபின் அளவு இறங்கியது. இதைக் குறை சொல்ல வேண்டும் என்பதற்காகக் குறை சொல்ல மாட்டேன். நல்ல ஆய்வு.

ஆனால் அமெரிக்காவில் 1999-ல் தொடங்கி உலகெங்கும் பரவிய ‘நாய்க்குப் படித்துக் காட்டும்’ திட்டங்களைப் பற்றி 48 ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் வந்த மதிப்பீடு, பலன் இருக்கக்கூடும், சான்றின் தரம் தாழ்வு என்றது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படிக்கையில் எனக்குத் தோன்றுவது: நாய் பக்கத்தில் இருக்கும்வரை பிள்ளை இளகுகிறது. அது போனபின் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் பதில் மெலிகிறது. கார்டிசால் இறங்குவதும் எழுத்துக்கூட்டி வாசிப்பதும் ஒன்றல்ல. நாயோடு சேர்ந்து வேறொன்றும் வருகிறது என்பதை மறக்கக்கூடாது: பயிற்சி பெற்ற ஒரு பெரியவர், சின்னக் குழு, கலையாத 20 நிமிடம். நம் அரசுப் பள்ளியில் நாயைவிட அரிதான சரக்கு அது.

அது எவ்வளவு அரிது என்பதைப் பணக் கணக்கில் பார்க்கலாம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் மாற்றுத்திறன் குழந்தை ஒருவருக்கு ஆண்டுக்கு ஒதுக்கும் அளவுகோல் 3,500 ரூபாய். ஒரு லாப்ரடாரின் தீனிக்கும் தடுப்பூசிக்கும் அந்தப் பணம் சில வாரங்களுக்குமேல் தாங்காது. தொடக்கப் பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது; பணியிடங்களை உருவாக்குங்கள் என்று 2025-லும் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் பல ஆண்டுகளாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள், நிரந்தரம் கேட்டுப் போராடுகிறார்கள். அந்தச் சம்பளம் வரும் சமக்ர சிக்ஷா தலைப்பில்தான் 2024-25-க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தரவில்லை என்று மாநிலம் நீதிமன்றம் போனது. இந்த நிலையில் நாய்க்குத் தனித் தலைப்பு திறப்பதை, கூரை ஒழுகும் வீட்டுக்குத் தோரணம் வாங்குவது என்பேன்.

‘எல்லாம் சரியான பிறகுதான் நல்லது செய்ய வேண்டுமா?’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சத்துணவையும் இப்படித்தான் எதிர்த்தார்கள். ஆனால் சோறு ஒவ்வொரு பிள்ளையின் தட்டிலும் விழுந்தது. நாய் அப்படிப் பெருகாது. வாரம் இருமுறை, ஒரு நேரத்தில் சில பிள்ளைகள், ஒரு நாளில் சில மணி நேரம் என்று வைத்தால் ஒரு நாயால் ஒழுங்காகக் கவனிக்க முடிந்தது ஒன்றிரண்டு பள்ளிகள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஐந்து வட்டங்கள் இருக்கின்றன. பணம் போதாதபோது அது எங்கே போகும் என்பதும் தெரிந்ததே: உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமத்துக்கு முன், புகைப்படம் எடுக்க வசதியான மாதிரிப் பள்ளிக்கு.

இந்த ஊர் நாயை எப்படிப் பார்க்கிறது என்பதும் உண்டு. பிள்ளையார்பாளையத்தில் தெருவில் பட்டுப் பாவு நீட்டியிருக்கையில் குறுக்கே ஓடும் நாயை விரட்டாத கை எது? நாயைக் கண்டு ஒதுங்கும் பிள்ளைக்கு அது வீட்டில் கற்ற பாடம், அச்சத்துக்குக் காரணமும் இருக்கிறது. உலகின் வெறிநாய்க்கடிச் சாவுகளில் 36 விழுக்காடு இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாகிறவர்களில் கணிசமானவர்கள் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். தமிழ்நாட்டில் 2024-ல் மட்டும் சுமார் 4.8 லட்சம் நாய்க்கடிகள், 43 சாவுகள். 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம், பள்ளி வளாகங்களில் இருந்து தெருநாய்களை அகற்று, வேலி போடு, திரும்ப அங்கே விடாதே என்று உத்தரவிட்டது. தெருநாயும் பயிற்சி நாயும் வேறு என்பது பெரியவர்களுக்குப் புரியும். ஒரே வாரத்தில் ஒரு நாய்க்கு வேலியும் இன்னொரு நாய்க்கு வரவேற்பும் பார்க்கும் முதல் வகுப்புப் பிள்ளைக்கு யார் சொல்வது? தடுப்பூசி போட்ட, அமைதியான ஒரு நாயோடு பழகினால் எந்த நாயை எப்படி அணுகுவது என்று பிள்ளை கற்கும் என்பதையும் மறுக்கவில்லை. ஆதரவாளர்கள் பெரிதாகச் சொல்லாத இந்த வாதம்தான், என் பார்வையில், அவர்களிடம் இருப்பதில் சிறந்தது.

யாரும் கணக்கில் சேர்க்காதவர் ஒருவர் மிச்சம்: நாய். இதில் காஞ்சிபுரத்துக்கு அனுபவம் உண்டு. காமாட்சி அம்மன் கோயிலில் யானை துதிக்கையைத் தலையில் வைத்ததும் அழுத பிள்ளை சிரித்ததை இந்த ஊரில் பலர் பார்த்திருப்பார்கள். அதுவும் ஒருவகை விலங்குச் சிகிச்சைதான். அந்தக் கோயில் யானைகள் 2019-ல் திருச்சி அருகே எம்.ஆர்.பாளையத்தில் வனத்துறையின் மறுவாழ்வு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கல்தரையில் நின்று ஆசி வழங்கும் யானைகளுக்கு ஓய்வு தர 2003-ல் முதுமலையில் புத்துணர்வு முகாம் தொடங்கி, பிறகு பல ஆண்டுகள் 48 நாள் நடத்த அரசே செலவு செய்ய வேண்டியிருந்தது. விலங்கு வரும் நாளில் மாலையும் மேளமும் நாம் தாராளமாகத் தருகிறோம். அது சோர்ந்த நாளுக்கு யார் பொறுப்பு என்று எழுதி வைப்பதில்லை. நாளெல்லாம் அறிமுகமில்லாத கைகள் தடவும் நாய்க்கும் சோர்வு வரும், வயதாகும். அதன் ஓய்வுக்காலத்துக்குப் பணம் ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் நான் திட்டமென்று ஏற்கமாட்டேன்.

காஞ்சிபுரத்துப் பிள்ளைகளுக்குப் பொதுப்பணம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு தலைமுறை சாட்சி இருக்கிறது. பட்டுத் தறியில் பிள்ளைகள் கொத்தடிமையாக உட்கார்ந்திருந்ததை 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிக்கை உலகுக்குச் சொன்னது. தறிக்குழியில் இருந்து பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு அரசு தந்தது சிறப்புப் பள்ளி, மதியச் சோறு, உதவித்தொகை, பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆசிரியர். எல்லாம் மனிதர்கள் வழியாக வந்தவை.

ஆகவே என் தீர்ப்பு இது. பள்ளிகளில் விலங்குச் சிகிச்சைக்கு மாநில அளவில் நிதித் திட்டம் இப்போது வேண்டாம். தொண்டர்கள் நாயோடு வந்தால் கதவை அடைக்கவும் வேண்டாம். தடுப்பூசிச் சான்று, கூடவே பயிற்சி பெற்றவர், பெற்றோர் சம்மதம், பயப்படும் பிள்ளைக்கு வேறு அறை ஆகிய நான்கும் இருந்தால் போதும். சிறப்புப் பள்ளிகளில் மட்டும் ஒரே ஒரு சோதனைக்கு அரசு சிறு தொகை தரலாம்: ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு நாயும் அழைத்துவருபவரும், மறு பகுதிக்கு அதே பணத்தில், அதே நேரம், ஒரு சிறப்புப் பயிற்றுநர். ஓராண்டு கழித்து அளக்கட்டும். நாய் வென்றால் இந்தக் கட்டுரையை நானே திருத்தி எழுதுகிறேன். அதுவரை கோப்பில் முதலில் கையெழுத்தாக வேண்டியது, வட்டார வள மையங்களில் தொகுப்பூதியத்துக்கு உழைக்கும் சிறப்புப் பயிற்றுநர்களின் நிரந்தரப் பணி ஆணை.