பூச்சியம் காட்டும் பெட்டி

வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்குக் கொண்டுவரும் பொருள்களில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் ஒன்று. வெயில் காயும் சங்கரன்கோவிலில் அது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். குளியலறையில் காஸ் கீசரும் கடையின் பின்கட்டில் ஜெனரேட்டரும் வந்துவிட்டனவே! 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலையூரில், மூடிய அறையில் எரிவாயுக் கணப்பை வைத்துக்கொண்டு தூங்கிய கேரளத்தினர் 8 பேர் மாண்டனர். நிறமும் மணமும் இல்லாத இவ்வாயுவை நம் புலன்கள் அறியமாட்டா. ஆகவே கருவி வேண்டியதுதான். அதன் முகப்பில் தெரியும் எண்ணைப் பற்றித்தான் என் குறை.

அந்த எண் பி.பி.எம். கணக்கு, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் இவ்வாயு எத்தனை பங்கு என்பது. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறை ஏறத்தாழ 34,000 லிட்டர் காற்றைக் கொள்ளும். அதில் 400 பி.பி.எம். என்றால் 13.6 லிட்டர். நம் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் ஒன்றின் அளவுதான்! அக்காற்றைச் சில மணி நேரம் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து.

அமெரிக்க விதிப்படி, 400 பி.பி.எம்.மில் 4 முதல் 15 நிமிடத்துக்குள் கருவி ஒலிக்கவேண்டும். 70இல் ஒரு மணி முதல் நான்கு மணி நேரம் வரை ஆகலாம். இதில் தவறில்லை. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு இவ்வாயு இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆனால் அது சேர நேரம் பிடிக்கும். எனவே அளவோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவது முறையே.

ஆனால் அந்த விதிப்படி செய்த கருவிகளில் பல, 30க்குக் கீழே எதுவானாலும் 0 என்றே காட்டுகின்றன! 24 மணி நேரச் சராசரி ஏறத்தாழ 3.5 பி.பி.எம்.மைத் தாண்டலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் வரையறுத்தது. நாள் முழுதும் 25 உள்ள வீட்டில், அதாவது ஏழு மடங்கு உள்ள வீட்டில், கர்ப்பிணியும் இதய நோயாளியும் 0 என்பதைப் பார்த்து நிம்மதியாக இருப்பார்கள்.

இதற்கும் ஒரு காரணம் உண்டு. 1994இல் சிகாகோ நகரம் இக்கருவியை வீடுகளுக்குக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு டிசம்பரில் புகைக்காற்று நகரின்மேல் தேங்கி நின்றபோது கருவிகள் எங்கும் அலற, ஒரே நாளில் தீயணைப்புத் துறைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அழைப்புகள் வந்து குவிந்தன. அதன்பின் விதிகள் தளர்த்தப்பட்டன. அலறாமல் இருக்கட்டும், சரி. பூச்சியம் என்று சொல்வானேன்? மீட்டர் அளவுகோலால் தலைமயிரின் தடிப்பை அளக்க முடியாததால் ரெக்கார்டு நோட்டில் 0 மி.மீ. என்று எழுதும் மாணவனுக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. இங்கோ, கருவி உணர்ந்தும் மறைக்கிறது. '30க்குக் கீழ்' என்று காட்டினால் என்ன குறைந்துவிடும்?

சில மாதிரிகளில் உச்ச அளவைக் காட்டும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தினால் 11 முதல் உள்ள அளவுகள் தெரியும். உங்கள் கருவியில் அது இருந்தால், கீசரில் வெந்நீர் பிடித்த பின்பும் ஜெனரேட்டர் ஓடிய பின்பும் அழுத்திப் பாருங்கள். எண் தெரிந்தால் சன்னல்களைத் திறந்துவிட்டு, புகை வெளியேறும் வழியைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.